பன்னிரண்டாவது ஆள்

எங்கள் ஊருக்கு ஒரு அபிப்பிராயம் பிறக்க வேண்டுமென்றால் அது என் கடையில்தான் பிறக்கும். பூதப்பாண்டிக்குப் போகிற ரோட்டில், சர்ச் சபைக் கட்டடத்தின் கீழ் வரிசையில் மூன்றாவது அறை. ஜெராக்ஸ், ஆன்லைன் பதிவு, தமிழ் டைப்பிங். மதுக்கடையை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்ற மனுவை நான்தான் அடித்தேன். மாற்றினார்கள். புதிய இடம் தொலைவில் இருப்பதால் முதியோர் மிகுந்த சிரமத்துக்கு உள்ளாகிறார்கள் என்று எட்டு மாதம் கழித்து வந்த மனுவையும் நான்தான் அடித்தேன். இரண்டிலும் அதே ஆட்களின் கையெழுத்து. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் வாசிப்பதில்லை. தனக்கு முன்னால் யார் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பார்கள், போட்டுவிட்டுப் போவார்கள். பதினோரு வருடமாக இதைப் பார்க்கிற எனக்கு இந்த ஊர்மேல் மரியாதை என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

கைதிகளை ஊருக்குள் விடக் கூடாது என்ற மனுவும் அப்படித்தான் வந்தது.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் அணையைத் திறப்பார்கள். தண்ணீர் எங்கள் ஊர்க் கால்வாய் வழியாகக் கடைசி வயல்வரை போக வேண்டும். மூன்று வருடமாகப் போகவில்லை. கால்வாய் முழுக்க ஆகாயத்தாமரை, அதற்கடியில் கிழிந்த மெத்தை, கோழிக் கழிவு, குழந்தைகளின் டயப்பர், உடைந்த பாட்டில். இவ்வளவையும் போட்டது வேற்றுக் கிரகத்து ஆட்கள் அல்ல. இரண்டு கரையிலும் மதிலைத் தள்ளிக் கட்டி, கார் ஷெட் போட்டு, ஒருத்தர் குளியலறையையே தண்ணீருக்கு மேல் நீட்டி வைத்திருப்பதால் ஜேசிபி இறங்க வழியில்லை. ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் கரைப் புல்லைச் செதுக்கிவிட்டு, உள்ளே இறங்க மாட்டோம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பாட்டில் காலைக் கிழித்தால் யார் பார்ப்பது. அப்போதுதான் அதிகாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கும் ஜெயிலிலிருந்து நன்னடத்தைக் கைதிகள் பன்னிரண்டு பேர் பதினைந்து நாள் வருவார்கள். காவலோடு வந்து, காவலோடு திரும்புவார்கள். அவர்களுக்குக் கூலி உண்டு, தண்டனையில் சில நாட்கள் கழியவும் செய்யும்.

பேப்பரில் இது வந்த அன்று ஊர் கொதித்தது. பெண் பிள்ளைகள் நடமாட முடியுமா என்றார்கள். எங்கள் தெருவிலேயே ஒருத்தர் போக்சோ வழக்கில் ஜாமீனில் வந்து, வந்ததற்கு பிளெக்ஸ் வைத்து, இப்போது கால்வாய் ஓரமாகத்தான் காலையில் நடைப்பயிற்சி போகிறார். அவருக்கு எல்லாரும் குட் மார்னிங் சொல்வார்கள். ஆபத்து சேற்றில் இடுப்பளவு நிற்கப் போகிறவனிடமிருந்துதான் வருமாம்.

மனுவை எழுதிக்கொண்டு வந்தவர் ஜெயசிங் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். இப்போது சபைக் கமிட்டிச் செயலாளர். அதாவது, நான் உட்கார்ந்திருக்கும் இந்த அறை அடுத்த வருடமும் எனக்கா இல்லையா என்பதை முடிவுசெய்கிறவர். கிறிஸ்மஸ் வந்தால் பக்கத்து சப் ஜெயிலுக்குக் கேக்கும் புதிய ஏற்பாடும் எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வருவார். அதற்கு ஜெயில் ஊழியம் என்று பெயர். படங்களை என்னிடம்தான் பிரிண்ட் எடுப்பார். கைதிகளின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார். அதே கையால் நாலு பக்கம் எழுதியிருந்தார். கொடுங்குற்றவாளிகளின் நிழல்கூட எங்கள் ஊர்மீது விழ அனுமதிக்க மாட்டோம் என்று மூன்றாம் பத்தியில் இருந்தது. நிழலை எப்படித் தடுப்பார் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை, அடித்தேன்.

அடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரியும், சாருடைய ஒரே மகன் லிஜின் இந்தக் கைதிகள் வரப்போகிற ஜெயிலில்தான் இருக்கிறான் என்று.

ஊருக்குத் தெரியாது. ஊரைப் பொறுத்தவரை லிஜின் தோஹாவில் இருக்கிறான். எங்கள் மாவட்டத்தில் ஒருவன் கண்ணில் படவில்லை என்றால் வளைகுடாவில் இருக்கிறான் என்று சொன்னால் போதும், அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை. உண்மையில் அவன் திருநெல்வேலியில் வேலைபார்த்தபோது குடித்துவிட்டு ரோட்டில் வாய்த்தகராறாகி, ஒரு ஆட்டோ ஓட்டுநரைக் கம்பியால் அடித்ததில் அவருக்கு ஒரு கண் போனது. ஐந்து வருடம். ‘ஜெயசிங் மகன் லிஜின்’ என்று பேப்பரின் திருநெல்வேலிப் பதிப்பில் படத்தோடு போட்டார்கள். நாகர்கோவில் பதிப்பில் போடவில்லை. அந்த ஒரு பக்க வித்தியாசத்தில்தான் சாருடைய கௌரவம் உயிர் வாழ்கிறது. ஜெயிலிலிருந்து எவன் வந்து என்ன சொல்லித் தொலைப்பானோ என்ற பயத்தில்தான் அந்த நாலு பக்கமும்.

எனக்கு இது தெரிந்தது சத்தியபாய் மாமி மூலம், சாருடைய மனைவி. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு சார் பென்ஷன்காரர் சங்கத்துக்குப் போவார். மூன்றே காலுக்கு மாமி என் கடைக்கு வருவாள். ஜெயிலில் முன்கூட்டிப் பதிவு செய்தால் வீடியோவில் சில நிமிடம் பேச விடுவார்கள். பிளைவுட் தடுப்புக்குப் பின்னாலிருக்கும் கம்ப்யூட்டரில் மாமியை உட்காரவைத்துவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். சத்தம் எல்லாம் கேட்கும். சாப்பிட்டாயா, சொறி குறைந்ததா, யாரும் அடிக்கிறார்களா. மாமி இரண்டு தடவை கண் ஆஸ்பத்திரிக்கென்று சொல்லி பஸ் ஏறி நேரிலும் போயிருக்கிறாள். மூன்றாவது தடவை சார் கண்டுபிடித்துவிட்டார். அங்கே போகிறவளுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றாராம். முப்பத்திரண்டு வருடம் சமைத்துப் போட்டவளிடம்.

மனு அடித்த அந்த வாரச் செவ்வாய்க்கிழமை லிஜின் ஒரு விஷயம் சொன்னான். வேலைக்கு ஆள் கேட்டபோது, எந்த ஊர் என்று தெரிந்ததும் முதல் ஆளாகக் கையைத் தூக்கியிருக்கிறான். பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன். பேச அனுமதிக்க மாட்டார்கள், கரையில் நின்றால் பார்க்கலாம் அம்மா என்றான். மாமி வெளியே வந்தபோது முகம் சிவந்து, தலைமுடி கலைந்து, கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டவள்போல இருந்தாள்.

“பதினைஞ்சு நாளு, ஷிபா. ஒண்ணும் பேசாண்டாம். கரையில நின்னு பாத்தா போரும் எனக்கு” என்றாள். பிறகு பயந்துபோய், சார் எழுதுகிற மனு பலித்துவிடுமா என்று கேட்டாள். நான் அடித்த எந்த மனுவும் இதுவரை பலித்ததில்லை, மதுக்கடை ஒன்றைத் தவிர, என்றேன். சிரித்தாள். மாமி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த நாள் எதிர்ச் சாரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜன் அண்ணாச்சி வந்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர். நெற்றியில் நாமம் பளிச்சென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலில் எல்லாச் சாதியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்து, மனிதருக்குள் என்ன வேற்றுமை என்பார். திங்கட்கிழமை கடையைத் திறந்தால் வேற்றுமை தொடங்கிவிடும். அவர் மனுவை வாசித்தார். ஊரில் மனுவை வாசிக்கிற ஒரே ஆள் அவர்தான், அதனாலேயே தலைவர்.

“சார், ஒண்ணு விட்டுட்டியளே. வாறவன் ஆரு, எந்த ஊரு, அப்பன் பேரு என்ன, என்னத்தச் செய்துட்டு உள்ள போனான், எல்லாம் லிஸ்டா தரணும்னு கேக்கணும். நமக்குத் தெரியாண்டாமா?”

சார் அப்போது என் கடை பெஞ்சில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதெல்லாம் அரசாங்க ரகசியம், தர மாட்டார்கள் என்றார். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம் என்றார் அண்ணாச்சி. கடையில் நின்ற நாலு பேரும் அது நல்ல யோசனை என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல சாரிடம் ஒரு காரணமும் இல்லை, இருந்த ஒரே காரணத்தைச் சொல்லவும் முடியாது. சரி சேர்த்துக்கோ ஷிபா என்றார். மகன் அந்தப் பன்னிரண்டில் இருப்பது அவருக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். ஏழாவது கோரிக்கையாக அதைச் சேர்த்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அதை அடிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் நல்ல குஷியாக இருந்தது.

கையெழுத்து நானூறுக்கு மேல் விழுந்தது. கால்வாய் முடிகிற கடைவரம்பில் வயல் வைத்திருக்கும் நாகம்மை அக்கா மூன்று வருடமாகப் பயிர் கருகிப்போய் நிற்கிறவள். அவளும் போட்டாள். தண்ணீர் வேண்டாமா அக்கா என்றேன். வேண்டாமல் இருக்குமா, அவங்க வந்தா எனக்க வயலுப் பக்கத்துல இருந்து தொடங்கச் சொல்லுவியா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்தைப் போட்டாள். வராதே என்று ஒரு கையும் சீக்கிரம் வா என்று ஒரு கையும். இதுதான் பொதுமக்கள் கருத்து. இதைத்தான் அதிகாரிகள் மதிப்புக் கொடுத்துப் பரிசீலிக்கிறார்களாம்.

பரிசீலித்தார்கள். வேலை நடக்கும் என்றும், பாதுகாப்பு போதுமானதென்றும், கேட்டபடி பெயர்ப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளதென்றும் பதில் வந்தது. ஊரில் எல்லா மனுவுக்கும் என் கடை ஈமெயில்தான். அதனால் பதிலும் எனக்குத்தான் வந்தது. சாருக்குப் போன் செய்தேன். காலை ஒன்பது மணிக்கு, வேறு யாரும் வருவதற்குள் வந்துவிட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தவர் ஐந்தாவது வரியில் நிறுத்தினார். லிஜின், தகப்பன் பெயர் ஜெயசிங், ஊர், தெரு, கதவு எண் முதற்கொண்டு.

பெஞ்சில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழுதிருந்தால் ஒருவேளை எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். அவர் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தலைமையாசிரியர் குரலில், ஒரு லெட்டர் அடிக்கணும் ஷிபா, நான் சொல்லச் சொல்ல அடி என்றார்.

ஜெயில் கண்காணிப்பாளருக்குக் கடிதம். மேற்படி சிறைவாசியின் பெற்றோராகிய நாங்கள் எழுதிக்கொள்வது. எங்கள் மகனைச் சொந்த ஊரில் வேலைக்குக் கொண்டுவருவதில் எங்கள் இருவருக்கும் சம்மதமில்லை. அவன் வருவதை நாங்கள் விரும்பவில்லை. அவனைக் காணவும் விரும்பவில்லை. இனி அவன் பொருட்டு எங்களை எதற்கும் அழைக்க வேண்டாம்.

‘நாங்கள்’ என்ற இடத்தில் என் கை நின்றது. மாமிக்குத் தெரியுமா சார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

“அவளுட்ட நீ ஒண்ணும் சொல்லாண்டாம். இந்த அறை விஷயம் அடுத்த மாசம் கமிட்டியில வருது, கேட்டியா. நான் பாத்துக்கிடுகேன்.”

அடித்துக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் இரண்டு கையெழுத்தோடு திரும்பி வந்தார். இரண்டாவது, மாமியுடையது, பொய்க் கையெழுத்து அல்ல. ரேஷன் கார்டு, பாங்க், பென்ஷன் வாரிசுப் படிவம் என்று அவர் எதை நீட்டினாலும் அடுக்களையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் விரல் வைத்த இடத்தில் போடுவாள். அப்படிப் போட்டதுதான். ஸ்கேன் செய்தேன், அனுப்பினேன். அனுப்பியாயிற்று என்று காட்டியதை சார் குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டார். என்ன மனுஷன் இவன் என்று நினைத்தேன். மகனை மறைக்க மனைவியின் கையைக் களவாடுகிற நாய்ப் பிழைப்பு. அவர் படியிறங்கிப் போன பிறகும் வெகுநேரம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவது சுலபமாக இருந்தது.

நாலு நாளில் திருத்திய பட்டியல் வந்தது. பதினோரு பெயர். அண்ணாச்சிக்கு சார் அதைத்தான் கொடுத்தார். யார் என்ன குற்றம் செய்தான் என்பதைக்கூட அண்ணாச்சி பார்க்கவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, நம்ம பக்கத்து ஆளு ஒருத்தனும் இல்ல என்று நிம்மதியானார். எல்லாரும் தெரியாத ஊர்க்காரர்கள் என்றதும் பாதிக் கோபம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மாமி வந்தாள். இணைப்பு வந்தது, எதிர்ப்பக்கம் காலி நாற்காலிதான் தெரிந்தது. பேச வர விருப்பமில்லை என்கிறார் என்று ஒரு காவலர் சொன்னார். மாமிக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ன சொல்லுகாங்க என்று என்னைக் கேட்டாள். நெட்வொர்க் சரியில்லை மாமி என்றேன். நம்பிவிட்டாள். பரவாயில்ல, அடுத்த வாரம்தான் நேருல பாக்கப் போறேனே என்றாள். எந்தச் சேலை கட்டினால் தூரத்திலிருந்து அவனுக்கு அடையாளம் தெரியும் என்று யோசித்து, அவன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மஞ்சள் சேலை என்று முடிவுசெய்தாள். நான் மானிட்டரில் தூசு துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை தொடங்கிய அன்று கால்வாய்ப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. நிழல்கூட விழக் கூடாது என்று ஒப்பமிட்ட நானூறு பேரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வேனிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து ஏமாற்றம்தான். நரைத்தவர்கள் மூன்று பேர், தொப்பை போட்ட ஒருத்தர், மற்றவர்கள் நம் வீட்டுக்கு வயரிங் வேலைக்கு வருகிற பையன்கள்போல. இதில் எவன் கொலைகாரன் என்று ஒருத்தருக்கொருத்தர் பந்தயம் கட்டினார்கள். பதினோரு பேரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சேற்றில் இறங்கினார்கள்.

மஞ்சள் சேலை பாலத்தின் மறுமுனையில், புளிய மரத்தடியில் நின்றது.

முதல் நாள் மாமி, அவனுக்குக் காய்ச்சலாக இருக்கும், நாளைக்கு வருவான் என்றாள். இரண்டாம் நாள், ஆளை மாற்றி மாற்றிக் கூட்டி வருவார்களாயிருக்கும் என்றாள். பெண்கள் ஐக்கிய ஜெபக் கூட்டம் என்று சாரிடம் சொல்லிவிட்டுத் தினமும் பத்து மணிக்கு வந்து நின்றாள். ஒவ்வொரு நாளும் வேனிலிருந்து இறங்குகிறவர்களை எண்ணினாள். பதினொன்று. போகிற வழியில் என் கடையில் ஏறித் தண்ணீர் குடிப்பாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சார் எதிரில் நின்று மிரட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரு வாக்கியம்தான். டம்ளரை நீட்டினேன், வாங்கி வைத்தேன். கமிட்டி அடுத்த வாரம் கூடுகிறது என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் ஊரின் கருத்து புரண்டது. ஆறாம் நாள் கால்வாயின் அடித்தரை தெரிந்தது. எட்டாம் நாள், சோதனைக்குத் திறந்துவிட்ட தண்ணீர் நாகம்மை அக்காவின் வயலைத் தொட்டது. அன்று சாயங்காலமே அண்ணாச்சி, இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிற ஆட்களை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை, நாலு மணிக்கு டீ கேட்கிறதில்லை, போன் பார்க்கிறதில்லை என்று புகழ்ந்தார். சிலருக்கு வாய் ஊறியது. என் வீட்டுப் பின்பக்க ஓடையையும் அள்ளச் சொன்னால் என்ன என்று ஒருத்தர் காவலரிடமே கேட்டார். சுடுகாட்டுப் புதரை வெட்டவைக்கலாம், ஸ்கூல் மதிலுக்கு வெள்ளையடிக்கவைக்கலாம், கல்யாண மண்டபத்துத் தொட்டியைக் கழுவவைக்கலாம். ஓடிப்போக முடியாத, எதிர்த்துப் பேசாத ஆள் கிடைத்துவிட்டால் எங்கள் ஊருக்கு வருகிற மனிதநேயத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் சாரும் அண்ணாச்சியும் சேர்ந்தே வந்தார்கள். கைதிகளின் பணியை மேலும் ஒரு மாதம் நீட்டித்துத் தருமாறு ஊர்ப் பொதுமக்கள் மனு. புதிதாக அடிக்க வேண்டாம், பழைய மனுவைத் திறந்து மாற்றிக்கொடு என்றார் அண்ணாச்சி. கொடுங்குற்றவாளிகள் என்ற இடத்தில் சிறைவாசிச் சகோதரர்கள் என்று போடு என்றார் சார். போட்டேன். முதல் கையெழுத்து சார் போட்டார். இரண்டாவது அண்ணாச்சி போடப்போகும்போது மாமி படியேறி வந்தாள்.

அன்றைக்குப் பொறுக்க முடியாமல் நேராகக் காவலரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, நீங்க யாரும்மா என்று கேட்டிருக்கிறார். அம்மா என்றதும், நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சேர்ந்துதானே பார்க்கவே விரும்பலைன்னு எழுதிக் குடுத்தீங்க, உங்க கையெழுத்தைக் காட்டினதிலிருந்து பையன் யாரோடும் பேசறதில்லை, சரியாச் சாப்பிடறதும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நேராக என் கடைக்கு வந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது.

கடையில் கணவர் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எனக்க மோன வேண்டாம்னு ஒரு கடிதாசி போயிருக்கு. அதுல எனக்க ஒப்பு இருக்காம். நீயாட்டி அடிச்ச?”

அண்ணாச்சி, லிஜின் தோஹாவுலல்லா இருக்கான் என்றார்.

“ஜெயிலுல இருக்கான்” என்றாள் மாமி, அவரைத் திரும்பிப் பார்க்காமலே. “ஒரு ஆளுக்கக் கண்ணைக் கெடுத்துட்டு உள்ள கெடக்கான். மூணு வருசமாச்சு.”

சார், சத்தியம், வீட்டுக்குப் போவோம் என்று அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. அவர் பிடித்தது தன் கையே இல்லை என்பதுபோல விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அண்ணாச்சி மனுவிலிருந்த சாருடைய கையெழுத்தையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊர் நாளைக்கு என்ன கருத்துச் சொல்லும் என்பது அவர் முகத்தில் அப்போதே தெரிய ஆரம்பித்துவிட்டது.

“நான்தான் அடிச்சேன் மாமி” என்றேன்.

“நான் தினசரி இஞ்ச வந்து தண்ணி குடிச்சேனே. நீ வாங்கி வச்சியே.”

சார் மிரட்டினார் என்று சொல்லலாம். கடை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லலாம். பதினாலு நாள் வெயிலில் நின்றவளிடம் எதைச் சொன்னாலும் அது வாந்தி எடுத்ததுபோலத்தான் இருக்கும். வெட்கமாக இருந்தது. இந்த ஊரில் யாரைப் பார்த்தெல்லாம் முகம் சுளித்தேனோ அவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்யாததை நான் ஒருத்தி செய்திருக்கிறேன்.

அவனுக்கு ஒரு கடிதம் போடுவோம் மாமி, இப்போதே அடிக்கிறேன், உங்களுக்குத் தெரியாமல் வாங்கின கையெழுத்து என்று எழுதி ஜெயிலுக்கு உடனே அனுப்பிவிடலாம், என்று கீபோர்டை இழுத்தேன்.

“நீ அடிக்காண்டாம். நானே எழுதிக்கிடுகேன்” என்றாள்.

என் மேஜையில் தாள் கட்டு இருந்தது. டப்பா நிறையப் பேனா இருந்தது. மாமி அவற்றின் பக்கம் கை நீட்டவில்லை. அண்ணாச்சியிடம் திரும்பி, ஒரு பேனாவும் ஒரு தாளும் தருவீங்களா என்று கேட்டாள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து தன் கடைக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தார். சிமெண்ட் மூட்டைமேல் தாளை வைத்துக்கொண்டு அவள் எழுத ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் முதலிலிருந்து வாசித்துப் பார்த்துக்கொண்டு எழுதினாள்.